கதவடிக் கம்பளி

என் மகன் வாங்கிவந்த ரப்பர் பட்டையைக் கதவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தான். "இனிமே காத்து வராதுங்கம்மா" என்றான். கணுக்காலில் அடித்துக்கொண்டிருந்த குளிர்காற்று சட்டென்று நின்றது. எனக்கு நடுவட்டம் தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீடுகளில் எங்கள் வீட்டின் கதவு நினைவுக்கு வந்தது.

அது வெள்ளைக்கார துரைமார் காலம். அந்தக் கதவுக்கும் தரைக்கும் நடுவே கோழிக்குஞ்சு நுழைகிற அளவுக்குச் சந்து. மழைக்காலத்தில் அதன் வழியே காற்று சீறும். எஸ்டேட்டில் கொடுத்த கறுப்புக் கம்பளியை அப்பா போர்த்திக்கொண்டு, கதவை ஒட்டிக் குறுக்கே படுத்துக்கொள்வார். காற்று அவர் முதுகைத் தாண்டி எங்களிடம் வராது.

நெஞ்சில் சளி கட்டி அப்பா இறந்த பிறகு, அந்தக் கம்பளியை அம்மா நீளமாகச் சுருட்டித் தைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "ஏனுங்க, புள்ளைங்களுக்குப் போத்தலாமுங்களே" என்றாள்.

"அவரு படுத்த எடமுங்க. அங்கயே கெடக்கட்டும்" என்று அம்மா அதைக் கதவடியில் வைத்தாள்.

மூடுபனியில் கம்பளி ஈரமானால், பச்சைத் தேயிலையும் பீடியும் கலந்த அப்பாவின் வாசனை வீடெல்லாம் எழும். வீட்டிலேயே குளிரான இடம் அந்தக் கதவடிதான். அங்கே படுக்கத்தான் நானும் தம்பியும் தினமும் சண்டை போட்டோம்.

"இன்னும் வருதுங்களாம்மா?" என்று மகன் கேட்டான். குனிந்து முகர்ந்து பார்த்தேன். புது ரப்பர் வாசனை.

"வரலை சாமி" என்றேன்.