வியாகுலமேரியின் குழிப்பலகை

செபமாலை மணி போட்ட சிகரெட் டப்பாவைக் காதருகே கொண்டுபோய் ஒரு குலுக்குக் குலுக்கினாள். "நாப்பதுக்குக் கொறையாது," என்றாள் வியாகுலமேரி. கொட்டி எண்ணினால் நாற்பத்திரண்டு மணி.

ராயப்பன்பட்டியில் டப்பா எங்கே காலியானாலும் கடைசியில் இவள் கைக்குத்தான் வந்து சேரும். குமுளிக்கு வண்டி ஓட்டும் புருஷன் சூசைமுத்து, தேயிலைத் தோட்டத்துத் துரைமார் வீசியெறிகிற தகரம், பலகை, பாட்டில் எதையும் விடாமல் ஏற்றி வந்துவிடுவான்.

செபமாலை கட்டுவது அவள் தொழில். ஓடையோரப் புல்லில் விளைகிற சாம்பல் நிற விதைதான் மணி; துளை அதற்குப் பிறவியிலேயே உண்டு. இடையிடையே வரும் பெரிய மணிகளைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தானே அராவிக்கொள்வாள். மாட்டுக் கொட்டத்தில் பாதியை மறித்துப் பட்டறை. அந்தப் பக்கம் காளைகள் அசைபோடும். இந்தப் பக்கம் இவள் சிரித்துக்கொண்டிருப்பாள். வியாகுலம், துக்கமெல்லாம் பெயரோடு சரி.

அறுபத்துநாலு தீப்பெட்டிகளைப் பசை போட்டு அடுக்கி ஒட்டி ஓர் அலமாரி செய்திருக்கிறாள். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் உள்ளே இருக்கும் சாமானில் ஒன்று நூலில் தொங்கும்: மணிக்கு மணி, சிலுவைக்குச் சிலுவை. அதைப் பிடித்து இழுத்தால் பெட்டி வரும். எழுத்துத் தெரியாத குறை அதோடு தீர்ந்தது.

குடைக்கம்பி ஒன்றை வளைத்துக் குறட்டின் கைகளுக்கு நடுவே செருகியிருக்கிறாள். அழுத்தினால் கம்பியைக் கடிக்கும். விட்டால் தானே வாய் பிளக்கும். "நாளெல்லாம் விரிச்சு விரிச்சுப் பெருவெரலு என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்கும் ஒரு கூலியாளு வேணும்ல," என்பாள். மழையன்று சூசைமுத்து குடையை விரித்துப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இதுல ஒரு கம்பி எங்கன?" என்று கேட்டான். "மிச்சம் ஏழு இருக்குல்ல, போயிட்டு வாங்க," என்றாள்.

சின்னதாக எதைத் திருத்தினாலும் இரண்டடி தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்து ஒரு பார்வை. பிறகு வழக்கமான வார்த்தை: "இப்பத்தான் மனசு குளுந்துச்சு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் வருஷம் அந்த மனசுக்கு ஒரு சோதனை வந்தது. மேற்றிராணியாரான பிஷப் ஊருக்கு வந்து நூற்றைம்பது பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் சடங்கு நடத்துவதாக ஏற்பாடு. பிள்ளைகளுக்கென்று கன்னியர் மடத்தில் சொல்லி வைத்திருந்த இத்தாலிச் செபமாலை, உலகச் சண்டையால் கப்பலேறவே இல்லை. மடத்துத் தலைவி ஞானம்மாள் மதர், வியாகுலமேரியை அழைத்துக் கேட்டார். பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"ஆகட்டும் மதர்," என்று சொல்லிவிட்டாள். பாதி வழியில்தான் கணக்கு உறைத்தது. நாளுக்கு ஐந்துக்கு மேல் அவளால் கட்ட முடியாது.

அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டாள். நெற்றி நிறையக் குங்குமத்தோடு அடுத்த தெரு ராக்கம்மாளும் வந்தாள். வேகத்துக்குக் குறைவில்லை. பொழுது சாய்ந்து பார்த்தால், பத்து மணி வர வேண்டிய இடத்தில் ஒன்றில் எட்டு, ஒன்றில் பதினொன்று. பேச்சும் சிரிப்புமாக எண்ணினால் வேறெப்படி இருக்கும்? கோத்ததில் பாதியை அவிழ்க்க வேண்டியதாயிற்று.

"மாதா கோவிச்சுக்க மாட்டாக," என்றாள் வியாகுலமேரி. "மதர் கோவிச்சுக்குவாக."

பெண்களைப் போகச் சொல்லிவிட்டு அவிழ்த்த மணிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். சூசைமுத்து காளைக்குத் தண்ணீர் காட்டுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். "என்னத்தா, சத்தத்தையே காணோம்?"

"பேச்ச நிறுத்தச் சொல்ல முடியாது. அப்பறம் யாரு வருவா?" என்றாள். "எண்ணுறத நிறுத்தணும்." சொன்னவள் சட்டென்று எழுந்தாள். "அந்தத் தேயிலப் பெட்டிய ஒடைங்க."

மறுநாள் விடிந்ததும் அவன் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் கொடுக்க, அவள் பலகையில் குழி சுட்டாள். ஒரு பெரிய குழி, பத்துச் சின்னக் குழி, மறுபடி ஒரு பெரிய குழி; செபமாலை எப்படி வளைந்து போகுமோ அப்படியே. சுற்றிலும் விளிம்பு கட்டினாள். சிரட்டை மணிகளைப் பெரிய குழிகளில் வைத்துவிட்டு, ஒரு கை விதை மணியை அள்ளிப் போட்டு ஆட்டினாள். குழிக்கொரு மணி உட்கார்ந்தது. மிச்சமெல்லாம் உருண்டு ஓரத்தில் ஒதுங்கியது. ஊசியை வரிசையாக விட்டு எடுத்தாள். எண்ணிப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

இரண்டடி தள்ளி நிற்கப் பொறுமையில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடினாள்.

"என்ன மதினி, பல்லாங்குழியா?" என்றாள் ராக்கம்மாள்.

"வந்து வெளையாடிப் பாரு."

மதியத்துக்குள் எட்டுப் பலகை ஆயிற்று. அப்புறம் அந்தக் கொட்டத்தில் பேச்சுக்குத் தடையே இல்லை. கல்யாணப் பேச்சு, மாமியார் பேச்சு, கம்பம் சந்தைப் பேச்சு எல்லாம் நடந்தன, ஊசியும் நடந்தது.

பதினோராம் நாள் மதர் சொல்லாமல் வந்து நின்றார். உள்ளே இருந்த சிரிப்பைக் கேட்டு அவர் முகம் சற்றுச் சுருங்கியது. கூடையிலிருந்து ஒரு செபமாலையை எடுத்து விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதையும் எண்ணி முடித்துவிட்டு ராக்கம்மாளைப் பார்த்தார்.

"இதெல்லாம் நீ எண்ணித்தான் கோத்தியா?"

"எனக்கு எங்க மதர் எண்ணத் தெரியும்? குழிக்குத் தெரியும்."

பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மதர் குனிந்து பலகையைத் தடவிப் பார்த்தார். "இன்னும் எத்தனை பாக்கி?"

"ஒம்பதுதான் மதர்," என்றாள் வியாகுலமேரி.

மதர் கூடையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு வெள்ளை அங்கியின் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு, "ஒண்ணு நான் கோக்கறேன்," என்றார்.

வியாகுலமேரி எழுந்திருக்கவில்லை. நாற்காலி தேடவுமில்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே பாயில் ஒரு சாண் நகர்ந்து இடம் விட்டாள்.