நாற்பத்தேழு புள்ளிகள்

இன்று காலை காரைக் கழுவப் போய், காரைவிட நான்தான் அதிகம் நனைந்தேன். இணையத்தில் வாங்கிய தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் அது. பெட்டியின் மேல் ஒரு பெண் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்தபடி கார் கழுவுகிறாள். சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எனக்கு வந்த இயந்திரத்தின் மூட்டு, எங்கள் ரஹாங் வாடகை வீட்டு வாசல் குழாயில் பொருந்தவில்லை. ரப்பர் வளையம் போட்டேன். துணி சுற்றினேன். கம்பியால் முறுக்கினேன். மூன்றாவது நிமிடம் மூட்டு கழன்று முகத்தில் அடித்தது. என்னைக் கண்டாலே குரைக்கும் பக்கத்து வீட்டு நாய்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தது.

அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். எந்தக் குழாயையும் எதோடும் சேர்த்துக் கட்டத் தெரிந்தவர். நாற்காலியை விட்டு எழவில்லை.

"என்னாப்பா செய்யறது இத?"

"நீ படிச்ச புள்ள. அந்தப் புக்குல போட்டிருப்பான், பாரு லா."

இதில் கிண்டல் துளியும் இல்லை. அதுதான் எரிச்சல். கிண்டல் என்றால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

இயந்திரத்தை மூலையில் தள்ளிவிட்டு வாளியும் துணியுமாகக் கழுவினேன். பானெட்டில் நெடுஞ்சாலைக் கல் ஒன்று தெறித்துப் பச்சரிசி அளவுக்குச் சாயம் போயிருந்தது. அதற்கென்றே வாங்கிய சின்ன சாயப் புட்டியைத் திறந்தேன். மூடியிலேயே தூரிகை. மூக்கைத் துளைக்கும் வாசனை. நகத்துக்குப் பூசும் பாலிஷின் வாசனைதான், வேறொன்றும் இல்லை. மூடியைக் கையில் பிடித்தபடி அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் இருந்தது அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்த செம்பனைத் தோட்டம். நான் பள்ளியில் ஐந்தாம் படிவம் போன வருடம், டியூஷன் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்பதற்காக அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். அரக்குச் சிவப்பு. தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயத்தில் அதுதான் முதல் கார். அதற்குமுன் தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்கள் கணக்கெழுதும் கிராணியும் ஆட்களை மேய்க்கும் மண்டோரும்தான்.

கழுவும் இயந்திரம் அப்போதும் இருந்தது, ஒரு மாதிரி. அம்மாவுக்குப் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை. ஸ்டோரில் கழித்துப் போட்ட முதுகுப் பம்பு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, சோப்புத் தண்ணீரில் பத்துத் தடவை அலசி, அப்பா அதைக் காருக்கென்று வைத்துக்கொண்டார். முதுகில் மாட்டிக்கொண்டு இடது கையால் பம்பை அடித்து, வலது கையால் பீய்ச்சுவார். எந்தக் குழாயிலும் மாட்ட வேண்டியதில்லை.

"புல்லே செத்துப்போவுற பம்பு. காடி என்னா ஆவப்போவுதோ" என்பாள் அம்மா.

"காடிக்கு வேரு கெடையாதுடி" என்பார் அப்பா.

வேர் இல்லைதான். ஆனால் தோலுக்குத்தான் ஆபத்து. தோட்டத்துச் சாலை முழுக்கச் செம்மண்ணும் சரளையும். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்தால் கல் பறக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கழுவி முடித்ததும் அப்பா பானெட்டை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கை எங்கே தடுக்கிறதோ அங்கே ஒரு சொட்டு நெயில் பாலிஷ். வைத்துவிட்டு வாயால் ஊதுவார். குழந்தைக்கு முழங்கால் சிராய்த்தால் ஊதுவதுபோல.

அந்த பாலிஷை லுக்குட் சந்தையில் வாங்குவார். முதல் தடவை கடைப் பெண் கேட்டாள், "ஆன்டிக்கா அங்கிள்?"

"இல்லம்மா, காடிக்கு."

அதன்பிறகு அவள் இவரைக் கண்டால் தானே எடுத்து நீட்டுவாள். "புதுக் கலரு வந்திருக்கு அங்கிள். உங்க காடிக்கு எடுப்பா இருக்கும்." நிறம் ஒத்துவருகிறதா என்று அப்பா தன் கட்டைவிரல் நகத்தில் பூசி, கார் நிற்கும் இடம்வரை நடந்துபோய் விரலைக் கதவில் ஒட்டிவைத்துப் பார்ப்பார். திங்கட்கிழமை அந்த நகத்தோடே டிராக்டர் ஓட்டப் போவார். "பொண்ணு ரெடியாயிருச்சு, மாப்ள எங்கய்யா?" என்று ஆட்கள் ஓட்டுவார்கள். அப்பா விரலை இன்னும் நன்றாக நீட்டிக் காட்டுவார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. காய்ந்த பாலிஷ் அந்தச் சிவப்போடு முக்கால்வாசிதான் சேரும். கிட்டே நின்றால் கார் முழுக்கப் புள்ளி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வீட்டில் எதையாவது திருத்திவிட்டுத்தான் போவேன். அம்மாவின் மருந்துச் சீட்டு, மின்சார பில், அப்பா செருப்பை விடும் இடம் எல்லாமே என் பொறுப்பு என்று நினைப்பு. சொன்னால் சிரிப்பீர்கள், வீட்டுச் சுவரில் வேலைப் பட்டியல்கூட ஒட்டியிருந்தேன்.

இரண்டாம் வருட விடுமுறையில் பட்டியலில் கார் ஏறியது. அது ஆயுத பூஜைச் சமயம். எங்கள் தோட்டத்தில் அன்று மாரியம்மன் கோயில் முன்னால் வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். கிராணியின் கார், மண்டோரின் வேன், டிராக்டர்கள், லோரிகள், மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். தோட்டம் கைமாறப் போகிறது, அடுத்த வருடம் இந்த வரிசை இருக்காது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கடைசி வரிசையிலாவது அப்பாவின் கார், கிராணியின் கார் பக்கத்தில் கூச்சமில்லாமல் நிற்க வேண்டும் என்று எனக்கு வீம்பு. கூச்சம் அப்பாவுக்கா எனக்கா என்று அப்போது யோசிக்கவில்லை.

கார்ச் சாயத்துக்கு நம்பர் உண்டு என்று படித்திருந்தேன். கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு சிறு தகடு. அதில் அந்த நம்பர். எழுதிக்கொண்டு, பஸ் பிடித்து, தெமியாங்கில் ஒரு சாயக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீனர். கார் எங்கே, கொண்டுவந்து காட்டு என்றார் மலாயில். நம்பர் இருக்கும்போது கார் எதற்கு என்று நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கலந்து கொடுத்தார்.

பூஜைக்கு முதல் நாள் பாலிஷ் அழிக்கும் திரவமும் பஞ்சுமாக உட்கார்ந்தேன். அப்பா வந்து நின்றார்.

"ஏம்மா, அந்த நம்பரு வந்து..."

"அப்பா, நம்பர் தப்பாதுப்பா. கம்பெனி போட்டது."

"இல்லம்மா, நமக்கு முன்னாடி வெச்சிருந்தவரு..."

"நீங்க போய் டீ குடிங்க. நான் பாத்துக்கறேன்."

போனார். நான் எண்ணிக்கொண்டே அழித்தேன். நாற்பத்தேழு புள்ளிகள். சைலன்சருக்கு மேலே, கதவின் அடி விளிம்பில் என்று குனிந்து தேடித் தேடி எடுத்தேன். பஞ்சு முழுக்கச் சிவப்பு. பிறகு உப்புத்தாள் தேய்த்து, புதுச் சாயம் வைத்தேன். ஈரத்தில் அச்சாக அதே நிறம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சாயங்காலம் காய்ந்தபோது ஒவ்வொன்றும் கறுத்தது. அட்டை கடித்துவிட்ட இடம்போல நாற்பத்தேழு தழும்பு. முன்பு வைத்திருந்தவர் காருக்கு மேல்சாயம் அடித்திருக்கிறார். தகட்டில் இருந்தது அடியில் புதைந்த பழைய நிறம். அதைத்தான் அப்பா சொல்ல வந்தார்.

அப்பா குனிந்து ஒரு தழும்பைத் தடவினார். "பரவால்ல லா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாள் கோயிலில், மற்ற வண்டிகளுக்கு மூன்றே பொட்டு வைத்தார்கள். அப்பா ஒரு கிண்ணம் சந்தனம் கரைத்து வந்து எல்லாத் தழும்பின்மேலும் பொட்டு வைத்தார். பொறுமையாக, ஒன்று விடாமல்.

"என்னா மாணிக்கம், காடிக்கு அம்மை போட்டிருச்சா?" என்றார் மண்டோர்.

"ஆமாண்ணே. தண்ணி ஊத்தற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

வரிசையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நான் கோயிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா காரைக் கழுவினார். கை தடுக்கிய இடத்தில் நின்றார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நீ அடுத்த லீவுக்கு வந்து பண்ணும்மா. எனக்கு அந்த நம்பரெல்லாம் வராது" என்றார். மிச்சமிருந்த பாலிஷ் புட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அடுத்த விடுமுறையில் எனக்குப் பரீட்சை. அதற்கடுத்ததில் பயிற்சி வேலை. கல்பட்ட இடமெல்லாம் துருவாகி, துரு ஓட்டையாகி, நான் பட்டம் வாங்கிய வருடம் பழைய இரும்பு எடுக்கும் லோரியில் அந்தக் கார் போனது. தோட்டமும் கைமாறி, லயத்தை இடித்துவிட்டார்கள். லுக்குட் சந்தையில் அந்தப் பெண்ணின் கடை இப்போது இல்லை. பம்பை யார் எடுத்தார்கள் என்று அம்மாவுக்கும் ஞாபகமில்லை.

இன்று வாசலில் நான் தூரிகையோடு பானெட் பக்கம் நின்றேன். "அப்பா, நீங்க வந்து வைங்களேன்."

"எனக்குக் கண்ணு சரியா தெரியலம்மா. நீயே வையி. நம்பர் பாத்துத்தானே வாங்குன?"

நம்பர் சரிதான். சாயமும் சரியாகத்தான் காய்ந்தது. எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தச் சிவப்புக் காரில் அப்பா வைத்த ஒரே ஒரு புள்ளியையாவது அழிக்காமல் விட்டிருக்கலாம். அப்படி அரைகுறையாக ஒரு வேலை செய்ய எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை.