சேட்டுவின் கறுப்புக் கண்ணாடி

மீன் வாங்கிய வகையில் மீன்காரி தையல்நாயகிக்குச் சேட்டு அறுநூற்று நாற்பது ரூபாய் கடன்பட்டிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் எக்கியார்குப்பத்திலிருந்து கூடையோடு அவள் உப்பள வரப்பில் வந்து நிற்பாள். சேட்டு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே, "நாளைக்குக் காலையில வாம்மா, பாத்துக்கலாம்" என்பார்.

அந்த வாயிலிருந்து "நாளைக்கு" என்று வருவதே அதிசயம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, உப்பு வாரும் கூலியாக வந்தவர், இன்றைக்கு மரக்காணத்தில் குத்தகைக்குப் பாத்தி பிடித்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறார் என்றால் சும்மாவா? "எவன் காசும் எங்கிட்ட ராத்தங்குனதில்ல" என்று டீக்கடையில் அவர் சொல்லாத நாளில்லை. உப்பைக் கிள்ளி நாக்கில் வைத்து, எந்தப் பாத்தி என்று சொல்லிவிடுவார். அதில் பாதி அளப்பு, பாதி நிஜம்.

எதிலும் அரைகுறை அவருக்கு ஆகாது. போன வருடத்துக்கு முந்தின வருடம் ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது, எண்ணெயைக் குறையுங்கள் என்று ஒரு டாக்டர் சொன்னார். "கொறைக்கிறது இன்னா கொறைக்கிறது? சேட்டு நிறுத்துவான்!" அன்றோடு அவர் தட்டில் தாளிப்பு நின்றது. முருங்கைக்கீரை வெறும் தண்ணீரில் வெந்தது. பாலும் முட்டையும் போயின. மீன் ஈரல் பூனைக்குப் போனது. "பூனைக்கு வந்த யோகத்தப் பாரு" என்று மனைவி அம்சவள்ளி தன் பங்கைத் தனியாக வறுத்துக்கொண்டாள். அவரோ வேட்டியை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிக் கட்டி, இளைத்த இடுப்பை ஊருக்கெல்லாம் காட்டினார்.

பிறகு மாலைகள் மங்கத் தொடங்கின. உப்பளத்தில் கண்ணுக்கு எது வந்தாலும் பழி உப்பின் வெளிச்சத்தின் மேல்தான். சேட்டுவும் அப்படித்தான் கறுப்புக் கண்ணாடி வாங்கினார். இருட்டினால் வரப்பு தெரியாது. "காத்து வாங்கறேன்" என்று அம்சவள்ளி தேடி வரும்வரை உட்கார்ந்திருப்பார். கூலியை மத்தியானமே கொடுத்துவிடுவார். காலையில் மீன் விற்கப் போய்விட்டு அந்தியில் மட்டும் வரும் தையல்நாயகிக்குத்தான் தினமும் "நாளைக்கு".

ஒரு மாலை அவள் ஆட்கள் முன்னாலேயே கேட்டுவிட்டாள்: "இன்னாண்ணே, எவன் காசும் ராத்தங்காதுன்ன வாய்க்குப் பூட்டு போட்டாச்சா? எங்க குப்பத்துல சேட்டு ஏமாத்துறாருன்னு சொல்லிடட்டா?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் மூன்று இருநூறு என்று எண்ணி மடியிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் நோட்டைப் பார்த்தாள். மூன்றும் இருபது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். நோட்டுகளை அவர் சட்டைப் பையில் திணித்து, கையைப் பிடித்து வரப்பைத் தாண்டவைத்து வீடுவரை கூட்டிவந்தாள். வீட்டு வாசலில் அம்சவள்ளியிடம் மட்டும், "அண்ணனுக்கு அந்தியில கண்ணு தெரியல" என்றாள்.

சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா கீதாஞ்சலி விளக்கினார். "கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ, கொழுப்போட சேந்தாதான் ஒடம்புல ஏறும். எண்ணெயே இல்லாம கீரை தின்னு என்ன பிரயோஜனம்? முன்ன ஈரல்லயும் கொழுப்புலயும் சேத்து வெச்சிருந்தத எடுத்துதான் இத்தன நாள் ஒடம்பு சமாளிச்சிருக்கு. இப்ப அதுவும் காலி."

"எனக்குத் தெரியாம என் சேமிப்பையே தின்னுச்சா?" சேட்டுவுக்கு ஆறவில்லை. "சரி வுடுங்க. நாளைக்கே ஒரு படி மீனெண்ணெய குடிச்சிடறேன்!"

"ஐயோ, அளவு மிஞ்சினா ஈரலே கெட்டுடும். மாத்திரை நான் சொல்ற அளவுதான். கீரைக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய். அவ்ளோதான்."

ஒரு ஸ்பூன்! வாழ்நாளில் சேட்டு எதையும் ஸ்பூனில் அளந்ததில்லை. ஆனாலும் அளந்தார். பூனைக்கு ஈரல் கிடைப்பது நின்றது.

சில வாரம் கழித்து, அதே அந்தி நேரம். தையல்நாயகி கூடையை இறக்கினாள். "நாளைக்குக் காலையில வரட்டுமாண்ணே?"

"நில்லும்மா."

கண்ணாடியைக் கழற்றி அவள் கூடைமேல் வைத்தார். வெளிச்சம் காட்ட அவள் செல்போனை எடுத்தாள்.

"அத அணை. கைய நீட்டு."

விரித்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார். "இருநூறு. இருநூறு. இருநூறு." கொஞ்சம் நிறுத்தி, ஆட்கள் எல்லாருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "இது இருவது. இதுவும் இருவது."