ஹோல்டான் அகஸ்டின்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்த அகஸ்டினுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், முதலாளியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். பொம்மைகளையும் கரண்ட் ஃபியூஸ் கட்டைகளையும் வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவான், லாரியில் ஏற்றுவான். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவனை விட்டால் ஆளில்லாத வேலை ஒன்று உண்டு. லாரியைப் பின்னால் எடுக்க வைப்பது.

கம்பெனிக்குப் போகிற சந்து அப்படி. ஒரு பக்கம் மதில். மறுபக்கம் வெயிலில் காயப்போட்ட களிமண் பொம்மைகள் வரிசை வரிசையாக. லாரி பின்பக்கமாகத்தான் நுழைய முடியும். அகஸ்டின் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வா வா வா, லெப்ட்ல ஒடி, நேரா வா" என்று ராகம் போட்டு அழைத்து வந்து, கடைசியில் நிறுத்தச் சொல்லி "ஹோல்டான்" என்று ஒரு குரல் கொடுப்பான். அந்தக் குரல் ரயில்வே ஜங்ஷன் வரை கேட்கும் என்று சொல்வதில் கொஞ்சம் மிகை உண்டு. ஆனால் அடுத்த தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் பயந்து பிரேக் பிடித்ததற்குச் சாட்சி இருக்கிறது.

இரண்டாயிரத்து ஆறில் ஊருக்கு வெல்டிங் பைத்தியம் பிடித்தது. எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போன காலம். வளைகுடா நாடுகளில் புதுப்புதுக் கிணறு தோண்டுகிறார்கள், பாலைவனம் முழுக்கக் குழாய் பதிக்கிறார்கள், வெல்டர் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். அவ்வளவுதான். பாலகிருஷ்ணனின் வெல்டிங் பட்டறை ஒரே வாரத்தில் பள்ளிக்கூடம் ஆனது. சூளையில் தீ போட்டவர், ஆட்டோ ஓட்டியவர், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்தவர் என்று எல்லோரும் கையில் ராடு பிடித்து நின்றார்கள். ஒட்டிப் பழகத்தான் இரும்பு போதவில்லை. உடையாத சைக்கிளையும் நல்ல கேட்டையும் வலுவில் பிடுங்கி வெல்டிங் வைத்தார்கள். தெருவில் பெண்கள் இரும்பு வாளியை உள்ளே எடுத்து வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போனார்கள்.

அகஸ்டினும் போய்ச் சேர்ந்தான். அவனுடைய சிநேகிதன் பழமலைநாதன் அதே கம்பெனியில் ஃபியூஸ் கட்டையை அச்சில் அழுத்துகிறவன். அவன் பைப் ஃபிட்டர் ஆவதென்றும், அகஸ்டின் வெல்டர் ஆவதென்றும், இருவரும் ஒரே விமானத்தில் ஜன்னலோரம் மாற்றி மாற்றி உட்கார்ந்து போவதென்றும் முடிவாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலகிருஷ்ணன் கையைக் காலைப் பிடித்து மெஷினை வீட்டுக்கு வாங்கி வந்தான் அகஸ்டின். மனைவி மதலேனாவின் அம்மா வீட்டுச் சீதனமான இரும்புக் கட்டில் ஒரு காலில் லேசாக ஆடியது. அதைச் சரிசெய்வதாகச் சொல்லி ஆரம்பித்தான். தெரு முழுக்க பல்பு மங்கியது. கட்டிலின் ஆட்டம் நின்றது உண்மைதான். ஆனால் கால் வளைந்துபோய், அன்றிலிருந்து குடும்பமே தலை தாழ, கால் உயரத் தூங்கியது. முகமூடி போடாமல் தீப்பொறியை உற்றுப் பார்த்ததில் மறுநாள் அவன் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்து நீர் கொட்டியது. மெட்ராஸ் ஐ என்று தெருவே ஒதுங்கிப் போனது. மாதா கோயில் காலைப் பூசையில் அவன் உட்கார்ந்த பெஞ்சு முழுக்கக் காலி. பாலகிருஷ்ணன் சொன்ன வைத்தியப்படி உருளைக்கிழங்கை வில்லை போட்டுக் கண்ணில் ஒட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தான்.

"நேத்து கட்டில கெடுத்தீங்க, இன்னிக்கி கெழங்கில்லாம கொழம்பு கெடுது. வெளிநாடு போறதுக்குள்ள வூட்ல என்னா மிஞ்சும்னு சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும்" என்றாள் மதலேனா.

சென்னைக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் செய்முறைத் தேர்வு. இருவரும் ரயிலில் போய் இறங்கினார்கள். வளைகுடாவிலிருந்து வந்திருந்த சூப்பர்வைசர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வழுக்கைத் தலை, முகம் நிறைய அலுப்பு. பழமலைநாதன் இஞ்சுக்கும் சென்டிமீட்டருக்கும் சண்டை மூட்டிவிட்டு சீக்கிரமே வெளியே வந்தான். அகஸ்டினிடம் இரண்டு குழாய்த் துண்டுகளைக் கொடுத்து ஒட்டச் சொன்னார்கள். வியர்க்க விறுவிறுக்க ஒட்டினான். சூப்பர்வைசர் வந்து குழாயைத் தூக்கிப் பார்க்கப் போனார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். இரும்பு மேசையும் சேர்ந்து எழும்பியது. குழாய்த் துண்டுகள் இரண்டும் தனித்தனியாக, மேசையோடு மட்டும் உறுதியாக ஒட்டியிருந்தன.

அவர் வாசலைக் காட்டினார்.

அகஸ்டின் வாசலில் போய் நின்ற நேரம், குழாய் ஏற்றிய நீள லாரி ஒன்று முற்றத்துக்குள் பின்னால் வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஒற்றை ஆள். பின்னால் பார்க்க யாருமில்லை. வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்த இடத்தில், தேர்வுக்கு வந்தவர்களுக்கான சாம்பார் சாத அண்டா இருந்தது. அகஸ்டின் யோசிக்கவே இல்லை. ஓடிப்போய் வண்டியின் வாலில் நின்றான். "வா வா வா, ரைட்ல ஒடி, இன்னும் ஒடி, நேரா வா." டிரைவர் யார் எவர் என்று கேட்காமல் கட்டுப்பட்டார். வால் அண்டாவைச் சுற்றிக்கொண்டு மதிலை ஒட்டி அழகாக வந்து சேர்ந்தது. "ஹோல்டான்."

லாரி நின்றது. வெளியே சாலையில் போன பஸ் ஒன்றும் நின்றது. கொட்டகைக்குள் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்களும் கையை எடுத்துவிட்டார்கள்.

சூப்பர்வைசர் வெளியே வந்து, ஊரில் என்ன தொழில் என்று விசாரித்தார்.

"லாரிக்குப் பின்னால நிப்பேங்க" என்றான் அகஸ்டின்.

"மேசையோட குழாய ஒட்டுறவன் ஆயிரம் பேரு வந்தாச்சு. பின்னால நிக்கத் தெரிஞ்ச ஒருத்தனும் வரல" என்றார் அவர். கிரேன் தூக்கும் சுமையைக் கீழே நின்று பார்த்து ஏற்று, இறக்கு, நிறுத்து என்று காட்டுகிற ஆளுக்கு ரிக்கர் என்று பெயராம். ஒரு மாதம் பயிற்சி கொடுத்து அனுப்புகிறோம், வருகிறாயா என்றார். ஒரே ஒரு நிபந்தனை. கிரேன் சத்தத்தில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சைகைதான். வாயைத் திறக்கக் கூடாது.

அகஸ்டினுக்கு அது மீனைத் தரையில் நீந்தச் சொன்ன மாதிரி இருந்தது. கை எழும்போதே வாயும் திறந்தது. பயிற்சி முடிந்து ஊருக்கு வந்தவன் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு வீட்டில் பழகினான். தண்ணீர்க் குடத்தோடு வரும் மதலேனாவுக்கு ஆள்காட்டி விரலை மேலே சுழற்றினால் குடத்தைத் தூக்க வேண்டும், கீழே சுழற்றினால் இறக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து வீடு இத்தனை அமைதியாக இருந்ததில்லை என்று அவளும் ஒத்துழைத்தாள். கோயிலில் ஒருநாள் பிரசங்கம் நீண்டுகொண்டே போனபோது, தன்னையறியாமல் கையை நீட்டி உள்ளங்கை தரையைப் பார்க்க வீசினான். நிறுத்து என்று அர்த்தம். சாமியாருக்குக் கிரேன் பாஷை தெரியாது. ஆனாலும் அவர் ஒரு கணம் தடுமாறி ஆமென் சொல்லிவிட்டார். வெளியே வந்தபோது பலர் அகஸ்டினின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

பாலைவனத்தில் அவன் மாதக்கணக்கில் ஊமையாக வேலை செய்தான். கிரேன் ஓட்டிய பிலிப்பைன்ஸ்காரருக்கு அவன் விரலும், அவனுக்கு அந்த மனிதர் தலையாட்டுவதும் போதுமாக இருந்தது. அப்படி இருக்கையில் ஒரு பிற்பகல் திடீரென்று மணல்காற்று கிளம்பியது. பெரிய குழாய் ஒன்று அந்தரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லியாயிற்று. ஆனால் அவசரம் யாரைக் கேட்டு வருகிறது? காற்றில் விலகி வந்த குழாய்க்கு நேர் கீழே இருந்த தகரக் கழிப்பறைக்குள் யாரோ நுழைந்து கதவைச் சாத்துவதை அகஸ்டின் பார்த்துவிட்டான். கையை வீசினான். அதற்குள் அடர்ந்துவிட்ட மணலில் தன் கை அவனுக்கே தெரியவில்லை. குழாய் இறங்கிக்கொண்டே வந்தது.

"ஹோல்டான்."

பல மாதம் அடைத்து வைத்திருந்த குரல். குழாய் கழிப்பறைக் கூரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. பக்கத்திலிருந்த மற்ற கிரேன்களும் நின்றன. காற்று அடங்கியதும் கதவைத் திறந்துகொண்டு பெல்ட்டைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தவர், பாதுகாப்புக்குப் பொறுப்பான வெள்ளைக்கார அதிகாரி. அண்ணாந்து பார்த்தார். திரும்ப உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கூட்டத்தில் அவர் அகஸ்டினை முன்னால் நிறுத்தி, அவனுடைய ஆங்கிலத்தை வெகுவாகப் பாராட்டினார். அவசரத்திலும் இவ்வளவு தெளிவாகப் பேச வேண்டும் என்று மற்றவர்களுக்கும் சொன்னார். சூப்பர்வைசர் மொழிபெயர்த்துச் சொன்னபோது அகஸ்டினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரவு வீட்டுக்குப் போன் போட்டான்.

"மதலேனா, நம்ம ஊரு லாரிக்காரன் சொல்ற வார்த்தைய இங்க இங்கிலீசுன்றாங்க. நான் ஒண்ணும் மறுத்துப் பேசல."

"பேசாதீங்க. இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் அவள்.

அதன்பிறகு அங்கே அவன் பெயரே ஹோல்டான் ஆனது. ரிக்கர் இன்னும் வேண்டும், உன் ஊரில் ஆள் உண்டா என்று சூப்பர்வைசர் கேட்கக் கேட்க, ஊரிலிருந்து ஆட்களைச் சொல்லிக்கொண்டே இருந்தான். முதலில் வந்து சேர்ந்தவன் பழமலைநாதன். விமானத்தில் தன்னந்தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த வருத்தம் அவனுக்குக் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு தெருவில் வீட்டுக்கு ஒருவர் என்று கிளம்பினார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் விடுமுறைக்கு வந்த அகஸ்டின் திரும்பிப் போகும் நாள். பெட்டியைக் கட்டிக்கொண்டே, அடுத்த முறை என்ன வாங்கி வரட்டும் என்று மதலேனாவைக் கேட்டான். அவள் பரண்மேல் குவிந்து கிடந்த பொட்டலங்களைக் காட்டினாள்.

"எதுவா இருந்தாலும் சரி, பேரீச்சம்பழம் மட்டும் வாணாம். நாம குடுக்கறோம், அவங்க வூட்டு ஆளு வந்ததும் அவங்க நமக்குக் குடுக்கறாங்க. போன வாரம் பழமலைநாதன் வூட்ல குடுத்த பொட்டலத்துல என் கையெழுத்து இருக்குது."