பார்ப்பதற்கு மட்டும் காய்ச்சிய கடல்பாசி

இறந்துபோனவர்களை உத்தமர்களாக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. என் தங்கை அடம்பிடிக்கிற பிள்ளை. ஆறு வயதில் அவள் பிடித்த அடத்துக்கு அத்தா, அம்மா, அவளுக்கு ஐந்து வயது மூத்தவளான நான், மூன்று பேரும் ஆடினோம். அவள் சிவப்பு என்றால் சிவப்பு, பச்சை என்றால் பச்சை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தது எல்லாம் அந்த அடத்தில்தான் தொடங்கியது.

அத்தா திருச்சி பாலக்கரையில் தகரப் பட்டறை வைத்திருந்தார். புனல், மண்ணெண்ணெய் அளக்கிற படி, சிம்னி விளக்கு எல்லாம் செய்வார். நோன்பு மாதம் முடியப்போகிற சமயத்தில் மிச்சம் விழுந்த தகரத்தை வளைத்து எங்களுக்காகக் கடல்பாசி வெட்டுகிற அச்சுகள் செய்து கொண்டுவருவார். நட்சத்திரம், பிறை, மீன், கிளி. ஒரு வருஷம் யானை செய்யப்போகிறேன் என்று ஆரம்பித்தார். தும்பிக்கை சரியாக வளையவில்லை, அது பெருச்சாளியாகிவிட்டது. அம்மா சிரித்த சிரிப்பில் அத்தாவுக்குக் கோபம் வந்து அதைத் தூக்கி எறியப் போனார். தங்கை ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு மற்ற அச்சுகள் எல்லாம் இரண்டாம்பட்சம்.

கடல்பாசி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடையில் அது வெள்ளை வைக்கோல் மாதிரிக் கட்டாகக் கிடைக்கும். ஊறவைத்துத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் கரைந்துபோகும். சீனி சேர்த்து, ரோஸ் எசென்ஸ் இரண்டு சொட்டு விட்டு, பீங்கான் தட்டுகளில் ஊற்றிவைத்தால் கொஞ்ச நேரத்தில் உறைந்து நிற்கும். எங்கள் வீட்டில் பெருநாளுக்கு முதல் நாள் சாயங்காலம் இதைக் காய்ச்சுவோம். அத்தா சட்டியைக் கிண்டுவார், அம்மா வண்ணம் கலந்து ஊற்றுவாள், நான் ஈர மணல் பரப்பிய தரையில் தட்டுகளை வரிசையாக வைப்பேன். தங்கையின் வேலை தட்டை விரலால் தட்டிப் பார்ப்பது. "ஆடுது, இன்னும் ஆடுது" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பாள். உறைந்ததும் அத்தா வெட்டுவார். பால் சேர்த்த வெள்ளைத் தட்டில் மீன் மீனாக வெட்டி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளங்களில் சிவப்பு மீன்களைப் பொருத்தி வைப்போம். பச்சைத் தட்டில் மஞ்சள் கிளிகள். பெருநாள் காலையில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அனுப்பும்போது பாதிக் கிளிகளுக்குத் தலை இருக்காது. தின்றது யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நோன்பு கத்திரி வெயிலில் வந்தது. அப்படி ஒரு வருஷத்தில், நோன்பு பத்துக்கு மேல் ஆகியிருந்தபோது தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் கஷாயம் கொடுத்துப் பார்த்தார்கள். இறங்கவில்லை. அத்தா ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு டாக்டரைக் குதிரை வண்டி வைத்து அழைத்துவந்தார். நெற்றியில் நாமம், கையில் தோல் பெட்டி. எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப்பேரைப் பிழைக்கவைத்தவர் என்று பெயர். பார்த்துவிட்டு டைபாய்டு என்றார்.

"குடல் பூரா புண்ணா இருக்கும். இருபத்தோரு நாள் கெட்டியா ஒண்ணும் உள்ளே போகப்படாது. பார்லி ஜலம், குளுகோஸ் ஜலம், சாத்துக்குடி பிழிஞ்சு வடிகட்டி. அவ்வளவுதான். பாவமேன்னு ஒரு பருக்கை குடுத்தேளோ, குடல் ஓட்டையாயிடும். அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லே."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பச்சைத் தண்ணி தவிர எதுவும் குடுக்க மாட்டேங்க" என்றாள்.

அப்படியேதான் பார்த்துக்கொண்டாள். தன் நோன்பையும் வைத்துக்கொண்டு, மணிக்கு ஒரு தரம் பார்லித் தண்ணீர் கொடுத்தாள். தங்கை துணிப் பொம்மை மாதிரி ஆகிவிட்டாள். பதினெட்டாம் நாள் வாக்கில் காய்ச்சல் இறங்கியது. அதன் பிறகு வந்தது பசி. அந்த மாதிரிப் பசியை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை. படுக்கை விரிப்பின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பினாள். பக்கத்து வீட்டில் வெங்காயம் தாளித்தால் அழுதாள். நாங்கள் அவள் கண்ணில் படாமல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நோன்பு திறந்தோம்.

அப்படியே நோன்பின் கடைசி நாள் வந்தது, மறுநாள் பெருநாள். இந்த வருஷம் கடல்பாசி வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அது தங்கை காதில் விழுந்துவிட்டது.

"நீங்க காய்ச்சுங்க. நான் பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன்" என்றாள்.

அம்மா மறுத்தாள். அழுகை ஆரம்பித்தது. குழந்தையை அழவிடாமல், மனசைச் சந்தோஷமாக வைத்திருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அத்தா, "பாக்கத்தானே கேக்குது புள்ளை" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கடல்பாசி வாங்கிவந்தார்.

அப்படித்தான் அந்தப் பகலில், சாப்பிடக் கூடாத ஒரு பிள்ளைக்காக நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து கடல்பாசி காய்ச்சினோம். அடுப்பை அவள் கட்டிலுக்கு நேரே தெரிகிற மாதிரி இழுத்து வைத்தார் அத்தா. எந்தத் தட்டுக்கு என்ன வண்ணம் என்று அவள் படுத்தபடியே சொன்னாள். எழுந்து தட்டிப் பார்க்கத் தெம்பில்லாததால் நான் தட்ட, அவள் மெதுவாக "ஆடுது" என்றாள். அம்மா அன்று வழக்கத்துக்கு மேல் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வெட்டி முடித்து, ஒவ்வொரு தட்டாக அவள் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டு மூடிவைத்தோம்.

அத்தா தொழப் போனார். அம்மா கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலோரம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, தண்ணி குடிக்கலாம்ல?"

"குடிக்கலாம்."

"கடல்பாசியும் தண்ணிதானே. சட்டியில தண்ணியாத்தானே இருந்துச்சு. நீயும் பாத்தேல்ல. வாயில வச்சா மறுபடியும் தண்ணியாயிடும். கடிக்க மாட்டேன். சும்மா வச்சுக்கிறேன்."

அவள் ஏமாற்றப் பார்த்தாள் என்று சொல்ல மாட்டேன். அவள் அதை நம்பினாள். பதினோரு வயதில் எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. ஐஸ் கரைகிறது, சீனி கரைகிறது, இதுவும் கரையத்தானே வேண்டும். கடல்பாசி குளிர்ச்சி, காய்ச்சல்காரருக்கு நல்லது என்று அம்மாவே சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழுந்துபோய் மூடியைத் தூக்கி, பச்சையில் ஒரு பெருச்சாளியை எடுத்துவந்து அவள் வாயில் வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கன்னம் அசையவில்லை. சொன்ன சொல் தவறாமல் கடிக்காமல் வைத்திருந்தாள். அப்புறம் கிணற்றடியிலிருந்து அம்மா வருகிற சத்தம் கேட்டது. தங்கை அப்படியே விழுங்கிவிட்டாள்.

பெருநாளுக்கு மறுநாள் காலையில் அவளுக்கு வயிற்று வலி வந்தது. உடம்பை மடக்கிக்கொண்டு கத்தினாள், பிறகு கத்தவும் முடியவில்லை. வயிறு பலகையாக இறுகிவிட்டது. ஸ்ரீரங்கத்து டாக்டர் வந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன குடுத்தேள்?"

"பார்லித் தண்ணிதாங்க" என்றாள் அம்மா.

"வேற?"

"வேற ஒண்ணும் குடுக்கலைங்க."

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் ஏதாவது செய்திருப்பாரோ என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சொல்லவில்லை. மதியத்துக்குள் தங்கை போய்விட்டாள். சாயங்காலம் ஆண்கள் எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அத்தா வந்தவர்களிடம் எல்லாம், அல்லா குடுத்தான், அல்லா எடுத்துக்கிட்டான் என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

தட்டுகள் சமையலறையில் மூடியபடியே கிடந்தன. அதற்கு அடுத்த நாள் யாரும் பார்க்காதபோது நான் ஒரு துண்டை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். பாங்கு சொன்னார்கள், தொழுகை முடிந்து அத்தா திரும்பி வந்தார், அது வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அது கரையவே இல்லை. முனைகள் கூட மழுங்கவில்லை. கடல்பாசியைத் தண்ணீராக்கக் கொதிக்கிற சூடு வேண்டும், வாய்ச் சூடு போதாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு என் தங்கை சாகவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கடல்பாசி காய்ச்சவில்லை. அச்சுகளை அத்தா பட்டறைக்கு எடுத்துப்போய்விட்டார். என்னைக் கொன்றது வேறு ஒன்று. அம்மா என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். தலை பின்னிவிடும்போது பின்னால் உட்கார்ந்து பேசுவாள். சோறு போடும்போது தட்டைப் பார்த்துப் பேசுவாள். நான் நிமிர்ந்து பார்த்தால் அவளுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். தட்டில் ஒரு பெருச்சாளி குறைவதை எண்ணிப் பார்த்திருப்பாள், அத்தாவுக்காக வெளியே சொல்லாமல் இருக்கிறாள், எனக்கு இதுதான் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டேனே தவிர, வயது ஏற ஏறக் கோபமும் வந்தது. ஒரு தடவை என்னை அடித்துக் கேட்டிருக்கலாமே என்று பொருமுவேன். கல்யாணமாகி உறையூருக்குப் போனபோது அம்மா என் தோளைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இரு" என்றாள்.

அறுபதுகளின் பின்பாதியில், அத்தா மவுத்தாகி, அவர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது, என் மூன்று வயது மகனுக்கு ஒன்பது நாள் விடாமல் காய்ச்சல் அடித்தது. அந்த டாக்டருக்கு வயதாகிவிட்டது, வெளியே வருவதில்லை, ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே பார்க்கிறார் என்றார்கள். வேறு யாரிடமும் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா துணைக்கு வந்தாள். பஸ் காவேரிப் பாலம் ஏறும்போது அவள் பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டியதில்லை.

டாக்டருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. பிள்ளையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டைபாய்டுதான். பயப்படாதேங்கோ. மருந்து எழுதித் தரேன். இட்லி, குழைஞ்ச ரசஞ்சாதம் குடுங்கோ. பட்டினி போடப்படாது. ஜெல்லி மாதிரி பண்ணினாலும் குடுக்கலாம், குழந்தைகள் ஆசையா சாப்பிடும்" என்றார்.

அம்மா முன்னால் வந்தாள். "கெட்டியா குடுத்தா குடல்ல ஓட்டை விழும்னு சொல்வீங்களே?"

"அப்போ அப்படித்தான் சொல்லிண்டிருந்தோம்மா. இப்போ பத்தியமெல்லாம் மாறிடுத்து."

"அப்படிக் குடுத்து ஒரு புள்ளை போயிட்டா?"

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. "ஜுரத்தோட வேகத்துலயும் போகும். எதனால போச்சுன்னு யாரால சொல்ல முடியும்?" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கட்டி முடிக்காமல் நின்ற மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றோம். பிள்ளை என் தோளில் தூங்கிவிட்டான். அம்மா திடீரென்று பேசினாள்.

"நீ அன்னைக்கு முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தே?"

"என்னைக்கு?"

"பெருநாள் விடியக்காலம். நீ அவ பக்கத்துல படுத்திருந்தே. ஒண்ணே ஒண்ணும்மா, தண்ணிதாம்மா, கடிக்க மாட்டேம்மான்னு அழுதா. என்னால முடியலை. வெள்ளையில ஒரு நட்சத்திரத்தைப் பாதியா பிட்டுக் குடுத்தேன். திரும்பினா நீ அசையுறே. நீ பாத்துட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. டாக்டர் கேட்டப்போ நான் பொய் சொன்னதையும் நீ கேட்டுக்கிட்டுத்தான் நின்னே. அதுக்கப்புறம் உன் மொகத்தைப் பாக்கவே எனக்குப் பயம். என்னைக்காவது நீ அத்தாகிட்ட சொல்லிடுவியோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

நான் பார்க்கவில்லை. அன்று விடியற்காலையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டதை இத்தனை வருஷமாக நான் ஏன் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். பச்சைப் பெருச்சாளியைச் சொல்ல வேண்டும். நான் கொடுத்ததுதான் முதல், அவள் கொடுத்தது அதற்குப் பிறகுதான் என்று சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம் போதும், அம்மாவின் பாரம் பாதியாகியிருக்கும்.

"ஆமாம்மா, பாத்தேன்" என்றேன். "யாருகிட்டயும் சொல்லலை."

அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். "என்னைக் காட்டிக் குடுக்காம இருந்தியே, நீ நல்லா இருப்பே" என்று சொல்லி அங்கேயே நின்று அழுதாள்.

பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தாள். அன்றிலிருந்து அவள் இருந்த காலம் முழுக்க அப்படித்தான் பேசினாள். அந்தப் பார்வை மறுபடியும் போய்விடுமே என்று, கடைசிவரை நான் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.