காட்டு வீட்டு வாளி

நார்வேயில் நிரந்தரமாகத் தங்க என்னென்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். மூன்று வருட வேலை, மொழித் தேர்வு, சமூக அறிவுத் தேர்வு, ஒழுங்காகக் கட்டிய வரி, வேலை இன்னும் இருக்கிறது என்பதற்கு முதலாளியின் கையெழுத்து. எல்லாம் அரசாங்க இணையதளத்தில் இருக்கிறது. நான் கூடுதலாக முதலாளியின் கக்கூஸ் வாளியையும் காலி செய்தேன். அது இணையதளத்தில் இல்லை.

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். போருக்குத் தப்பி வந்து, ஹோட்டலில் கோப்பை கழுவி, மாலை நேரத்தில் படித்து, ஸ்ட்ரோம்மன் பக்கம் ஒரு நிறுவனம் தொடங்கியவர். கட்டிடங்களுக்குக் காற்றுக் குழாய் எங்கெங்கே போகவேண்டும் என்று வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். திருச்சியில் இருந்த என்னை வேலைக்கு எடுத்து, விசாவுக்கு ஏற்பாடு செய்தவர் அவர்தான். இதை நான் மறுக்கவில்லை, மறந்தாலும் அவர் விடமாட்டார். அலுவலகத்துக்கு யார் வந்தாலும் என் தோளில் கை வைத்து, "இவரை நான்தான் கூப்பிட்டனான்" என்பார். சந்தையில் பிடித்துவந்த மாட்டைக் காட்டுகிற மாதிரி இருக்கும்.

அவருக்கு ஒரு ஹித்தே இருந்தது. ஹித்தே என்றால் காட்டுக்குள் இருக்கும் மரவீடு, வசதியான நார்வேக்காரர்கள் விடுமுறைக்குப் போவது. தண்ணீர்க் குழாய் இல்லை, மின்சாரம் இல்லை. அகதியாக வந்த மனிதர் அத்தனை பாடுபட்டுச் சம்பாதித்து, கடைசியில் காசு கொடுத்து வாங்கியது கிணற்றுத் தண்ணீரையும் மண்ணெண்ணெய் விளக்கையும். கக்கூஸும் வெளியில்தான். மரப்பலகையில் ஓட்டை, அடியில் ஒரு பெரிய வாளி. ஒவ்வொருவரும் போனபின் மரத்தூளை அள்ளிப் போட வேண்டும். வாளி நிறைந்தால் யாராவது ஒருவர் காட்டுக்குள் இருக்கும் குழிவரை தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும்.

முதல் கோடையில் என்னைக் காரில் அழைத்துப் போனார். பின் இருக்கையில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி, எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். வழியில் முதலாளி ஊர் விசாரித்தார். சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்றார். அதையும் சொன்னேன். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்கட ஊர்க் கோயில் திருவிழாவிலை உங்கட ஆக்களுக்கு எத்தினையாம் நாள் தம்பி?" என்றார்.

தமிழர்கள் சாதியை நேராகக் கேட்க மாட்டோம். நாகரிகமானவர்கள் அல்லவா. ஊரைக் கேட்போம், தெருவைக் கேட்போம், கோயிலைக் கேட்போம். திருவிழாவில் எந்த நாள் யாருடையது என்று கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும். என் அப்பா பள்ளி ஆசிரியர், அம்மா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை.

"எங்களுக்கு நாள் கிடையாது சார். எங்க தெருவுக்குத் தேரே வராது," என்றேன்.

"ஓம், ஓம்," என்று ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

போய்ச் சேர்ந்ததும் அவர் தம்பி தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். முதலாளி என்னிடம் மஞ்சள் ரப்பர் கையுறை ஒன்றை நீட்டினார். புதியது, கடை அட்டை கூடக் கழற்றவில்லை.

"இஞ்சை இதை டுக்னாட் எண்டு சொல்லுறது. எல்லாரும் சேர்ந்து வேலை செய்யிறது. அந்த வாளியை ஒருக்காக் காலி பண்ணிவிடும்."

அம்மருட் என்ற பகுதியில் நானும் மனைவியும் இருந்த அடுக்குமாடியிலும் டுக்னாட் உண்டு. வசந்தத்தில் ஒரு நாள் குடியிருப்பவர்கள் எல்லோரும் இறங்கி முற்றத்தைக் கூட்டுவோம், பிறகு சாசேஜ் சுட்டுச் சாப்பிடுவோம். எனவே நம்பினேன். வாளியைத் தூக்கினேன். அதன் நாற்றத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, யாருடையதானாலும் நாறத்தான் செய்யும். தளும்பித் தளும்பி என் கால்சட்டையில் தெறித்தது. ஈக்கள் குழிவரை கூடவே வந்தன. திரும்பி வந்தபோது முதலாளி கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு அடுப்பில் வாஃபல் சுட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் மட்டும் எத்தனை தடவை போனோம் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் வாளி எனக்குத்தான். ஒருமுறை முதுகு வலி என்று சொல்லிப் பார்த்தேன். "நானும் உம்மட பேப்பருகளைப் பாத்துச் செய்யிறன்தானே தம்பி," என்றார், மிக மென்மையாக. வேலை போனால் சில மாதங்களுக்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். மனைவியின் அனுமதி என்னுடையதில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அப்போதுதான் ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது, பிள்ளைகளிடமே நார்வேஜிய மொழி கற்றுக்கொண்டு வந்தாள். வேறு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். பதில்கூட வரவில்லை.

அலுவலகத்தில் ஒரு நார்வேக்காரர் உண்டு, ஓய்வு பெறும் வயது. மதியச் சாப்பாட்டின்போது அவரிடம் டுக்னாட்டைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னேன். ரொட்டியை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"வாளியை வீட்டுக்காரர்தான் காலி செய்வார். என் ஹித்தேயில் நான்தான். விருந்தாளி அதைத் தொட யாரும் விடமாட்டார்கள். டுக்னாட் என்றால் அவரும் சேர்ந்து தூக்க வேண்டுமே. அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?"

"வாஃபல் சுட்டார்," என்றேன்.

அவர் சிரித்தார். நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

அதற்குப் பிறகும் தூக்கினேன். இது விசாவின் விலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தம்பியிடம் நார்வேயின் சிவப்பு பாஸ்போர்ட் இருக்கிறது, அதனால் அவர் கையில் தூண்டில். என்னிடம் தற்காலிக அட்டை இருக்கிறது, அதனால் என் கையில் வாளி. அட்டை மாறினால் வாளியும் போய்விடும். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் மொழித் தேர்வுக்குப் படித்தேன். மூன்றாம் வருடம் முதலாளி கையெழுத்துப் போட்டார். மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரு நாள் நிரந்தர அனுமதி அட்டை தபாலில் வந்தது. மனைவி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். நான் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"இதைக் கொண்டாட வேணும். சனிக்கிழமை ஹித்தேக்கு வாரும்," என்றார் முதலாளி. விருந்தாளியாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு சாக்லேட் பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். வெட்கமாக இருக்கிறது, நல்ல சட்டையும் போட்டுக்கொண்டேன்.

காரில் முன்னிருக்கையில் புதிதாக வேலைக்கு வந்தவர் இருந்தார். மதுரைப் பக்கம், என்னைவிட வயதில் மூத்தவர், வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் பின்னால். கார் ஊரைத் தாண்டியதும் முதலாளி ஊர் விசாரித்தார். தெரு விசாரித்தார். அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரிந்ததால் அந்த மனிதருக்காகப் பரிதாபப்பட்டேன்.

"எங்க கோயில்ல ஆறாம் நாள் மண்டகப்படி எங்களோடது சார். தாத்தா காலத்துலேர்ந்து," என்றார் புதியவர்.

"அப்பிடியே? நீங்கள் பெரிய ஆக்கள்," என்றார் முதலாளி. என்னை மூன்று வருடமாக நீர் என்றே அழைத்தவர் அவர்.

ஹித்தேயில் மூவரும் மேசையில் உட்கார்ந்தோம். முதலாளி வாஃபல் சுட்டு, ஜாம் தடவி, எனக்குத்தான் முதலில் வைத்தார். பசியாக இருந்தது, சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதைப் புதியவருக்கு வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய மஞ்சள் கையுறையை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, ஒருக்கா அதை எடுத்துக் கொட்டிவிட்டு வாரும். பிறகு ஆறுதலாக் கதைப்பம்."

"இந்த வருஷமும் நானா சார்? எனக்குத்தான் கார்டு வந்துருச்சே."

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "கார்டுக்கும் இதுக்கும் என்ன தம்பி? உமக்குத்தானே பழக்கம்."

அவர் நடிக்கவில்லை. கையெழுத்தைக் காட்டி மிரட்டியதாகக்கூட அவருக்கு நினைப்பில்லை. நான்தான் மூன்று வருடமாக விசா விசா என்று உளறிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் முதல் நாள் காரிலேயே முடிவு செய்துவிட்டார். புதியவர் தலையை நிமிர்த்தாமல் வாஃபலைச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது தற்காலிக அனுமதிதான்.

"உங்க வாளி சார். நீங்களே தூக்குங்க," என்று எழுந்தேன்.

"உமக்கு நான் என்ன குறை வைச்சனான்? சொல்லும் பாப்பம்."

"எத்தனையாவது நாள்னு கேட்டீங்கல்ல. அதுதான் சார்."

பெரிய சாலைவரை நடந்து, பேருந்துக்குக் காத்திருந்து, அம்மருட் வந்து சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. நேராகக் குளியலறைக்குள் போனேன். சோப்புப் போட்டேன், திரும்பவும் போட்டேன். விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. மனைவி கதவைத் தட்டினாள்.

"இன்னைக்கும் வாளியத் தூக்க வச்சுட்டாரா?"

"இல்ல. தொடவே இல்ல."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் குளிக்கிறீங்க?"

"அந்த ஆள் கையால சாப்பிட்டுட்டேன்," என்றேன்.