டோர்வலில் சொன்ன பெயர்

எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டு அடுக்கிக்கொண்டிருக்கிற நான் இப்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. காகிதத்துக்கு முன்னால் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை என்பதால் துணிந்துவிட்டேன்.

அறுபத்தெட்டாம் வருஷம் கணவரோடு மொன்ட்ரியாலுக்கு வந்தேன். அவர் இன்ஜினியர். மொன்ட்ரியால்-நோர் என்ற பகுதியில், வெளிப்பக்கம் இரும்புப் படிக்கட்டு வைத்த வீடு ஒன்றில் மாடியில் குடியிருந்தோம். குழந்தை இல்லை. எழுபதாம் வருஷம் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளிரைத் தடுக்கிற கூடுதல் ஜன்னல்களை மாட்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி ஜன்னலையும் மாட்டிவிட்டு இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு டொராண்டோவுல வேலை கெடச்சிருக்கு. நீ வரவேணாம். அங்க ஒருத்தி இருக்கா."

சரி என்று ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தேன். அன்றைக்கு முட்டைக்கோஸ் கூட்டு வைத்திருந்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

விவாகரத்து முடிய மூன்று வருஷம் ஆனது. கோர்ட்டில் வக்கீல் என் கணவரின் பெயரைச் சொல்லி, அவரைத்தானே கல்யாணம் செய்துகொண்டீர்கள் என்று கேட்டார். யெஸ் என்றேன். இன்னும் நாலைந்து கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் யெஸ் என்றேன். பிறகு மெட்ரோ பிடித்து மத்தியான ஷிப்டுக்குப் போனேன். அழவில்லை என்று மற்றவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அழுகை வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பெண்டாட்டி புருஷனின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் கார்டு எழுத வருகிறவர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி முன்வந்து சொல்வாள். அதற்காகவே அவளும் வாசலுக்கு வந்து நிற்பாள். பன்னிரண்டு வருஷக் கல்யாணத்தில் நானும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. நம்பிக்கை என்று சொல்ல முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது மாதிரி, யோசிக்காமல் செய்கிற காரியம்.

கணவர் போன மறு மாதம் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை வாங்கிக் கொடுத்தது மெட்ராஸ்காரரான ஒரு டாக்டரின் மனைவி. அக்கா என்று கூப்பிடுவேன். வாய் பெரிசு, மனசும் பெரிசு. அடுத்த வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் ஃபிலிப்பைன்ஸ்காரர் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சரக்குக் கப்பலில் சமையல்காரர். குடல்வால் வெடித்துவிட்டது. இவரை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. நான் தட்டைக் கொண்டுபோய் வைத்த முதல் நாள், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

"மிஸ்ஸிஸ், இந்தச் சோத்தக் கொன்னது யாரு?"

சிரித்துவிட்டேன். மறுநாள் வீட்டிலிருந்து டப்பாவில் சோறும் பருப்பும் கொண்டுபோனேன். ஆறு வாரம் அப்படிப் போனது. எங்களுக்குள் பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது. அவர் என்னை மிஸ்ஸிஸ் என்பார். நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே திரும்பிப் பார்ப்பார். உடம்பு தேறியதும் மணிலாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு கடிதம் எழுதினோம். விவாகரத்துத் தீர்ப்பு வந்ததை எழுதியபோது, அப்படியானால் நான் வரட்டுமா என்று கேட்டு எழுதினார். வரலாம் என்று எழுதினேன்.

அக்காவிடம் சொன்னேன்.

"ஃபிலிப்பைன்ஸ்காரனா? ஏண்டி, இந்த ஊர்ல ஆளே கெடைக்கலையா ஒனக்கு?"

"கப்பல்ல சமைக்கறவருக்கா."

"அது சரி. வீட்ல ஒருத்தருக்காவது ஒழுங்கா சமைக்கத் தெரிஞ்சா நல்லதுதான்."

ஒரு மாதம் திட்டிவிட்டு, ஃபாரங்களை அக்காவே பூர்த்தி செய்து கொடுத்தார். கப்பல்காரரின் அம்மா, சர்ச்சில் நடக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று சொல்லிவிட்டாராம். விவாகரத்தானவளுக்கு அவர்கள் சர்ச்சில் செய்துவைக்க மாட்டார்கள். கோர்ட்டில்தான் பதிவு செய்ய முடியும். அதற்கும் சம்மதித்து, கப்பல் வேலையை விட்டுவிட்டுத்தான் புறப்பட்டார்.

எழுபத்துநாலாம் வருஷம் ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்வல் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அக்கா காரில் கூட்டிப்போனார். ஆட்கள் எல்லாரும் பெட்டியோடு வெளியே வந்தார்கள். பிறகு விமானப் பணிப்பெண்களும் வந்தார்கள். இவர் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டார்கள். அக்காவும் கூடவே வந்தார்.

சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் மீசை வைத்த இளவயது அதிகாரி. "போன்ஜூர், மதாம்" என்று பிரெஞ்சில் ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினார்.

"யாரக் கூட்டிப்போக வந்திருக்கீங்க?"

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கப் போறவரை."

"பேரு?"

கைப்பையிலிருந்து அவருடைய விலாசம் எழுதிய கடித உறையை எடுத்து நீட்டினேன். அதிகாரி அதை வாங்கவில்லை.

"படிக்கத் தெரியும் எனக்கு. நீங்க சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பிடிவாதம் இல்லை. வெட்கம் என்றும் சொல்ல முடியாது. அந்த இடத்தில் எனக்குச் சத்தம் இல்லை, அவ்வளவுதான். அக்கா என்னைப் பார்த்தார். ஊரில் பக்கத்து வீட்டுக்காரி செய்வதை அப்படியே செய்தார். முன்னால் போய், "நான் சொல்றேன் சார்" என்று பெயரை முழுசாக, சத்தமாகச் சொன்னார்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"இந்தம்மாவுக்குத் தெரியுது. கல்யாணம் பண்ணிக்கப் போறவங்களுக்குத் தெரியல. இதுக்கெல்லாம் ஏற்பாடு பண்றது இவங்கதானா?"

"ஏற்பாடா? ஐயோ சார், நான் டாக்டரோட வைஃப்!"

"வெளியே இருங்க, மதாம்."

அக்கா கதவுக்குப் போகிற வழியில் தமிழில் என்னிடம் சொன்னார்: "பேரைத்தானேடி கேக்கறான், ஒன் சொத்தையா எழுதிக் குடுக்கச் சொன்னான்? சொல்லித் தொலையேன்!"

அதிகாரி ஒரு கட்டுக் கடிதங்களை மேஜைமேல் வைத்தார். நான் மணிலாவுக்கு எழுதியவை. கப்பல்காரரின் பையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். மேலே இருந்ததைப் படித்தார்.

"'அன்புள்ள நண்பருக்கு, நான் நலம். தாங்கள் நலமா? இங்கு பனி பெய்கிறது.' அடுத்ததுலயும் பனி. அதுக்கடுத்ததுல மழை. இது கல்யாணம் பண்ணிக்கப் போறவருக்கு எழுதின லெட்டரா, வானிலை அறிக்கையா?"

பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைச் சொல்லத் தெரியவில்லை.

"ஒரு லெட்டர்லகூட அவர் பேரு இல்ல. பக்கத்து ரூம்ல அவரைக் கேட்டேன். நீங்க ஒரு நாள்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லைனு சொல்றாரு. உண்மையா?"

"யெஸ்."

"காசு வாங்கிட்டு ஆளை உள்ள கொண்டுவர்றவங்கள தெனம் பாக்கறேன் மதாம். ஏழு மணிக்குத் திரும்பற விமானம் இருக்கு. எனக்கு நம்பிக்கை வரலைன்னா அவரை அதுல ஏத்திடுவேன்."

சுவரில் கடிகாரம் இருந்தது. ஐந்து மணி பத்து நிமிஷம். எனக்குப் பதற்றம் வரவேண்டும். வரவில்லை. ஏழு மணிக்கு அவர் போய்விட்டால் நாளை ஆறு மணி ஷிப்டுக்கு நான் போவேன், அவருக்காக வாங்கி வைத்த மீன் கெட்டுப்போகும் என்றெல்லாம் வரிசையாக நினைத்தேன். கப்பல் கம்பெனியில் அவரை மறுபடி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் அந்த வரிசையில் வந்தது. அம்மாவை எதிர்த்துக்கொண்டு வந்த மனிதர் திரும்பிப் போய் எங்கே நிற்பார்?

அதிகாரியிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஊரில் மனைவி கணவன் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அவருக்கு ஆகாது.

 அதிகாரியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஆனா நீங்க இன்னும் அவரோட மனைவி இல்லையே, மதாம்."

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. மணிலாவிலிருந்து ஒருவர் வருகிறார், கூட இருக்கப்போகிறார் என்பது மட்டும்தான் தெரிந்திருந்தது. எந்த நாளிலிருந்து அவரை அந்த இடத்தில் வைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. பெயரை நான் வாயால் சொல்லாத இன்னொருவர் என்னை விட்டுவிட்டு டொராண்டோவில் சௌக்கியமாக இருக்கிறார் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது.

சொன்னேன். முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. அதிகாரி காதுப்பக்கம் கையை வைத்துக் காட்டினார். மறுபடி சொன்னேன். அவர் எழுந்துபோய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்துவிட்டு, "நீங்களே கூப்பிடுங்க" என்றார்.

கப்பல்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் தொப்பி. இளைத்திருந்தார். வாசலில் நின்று, பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல அவர் முழுப்பெயரையும் சொன்னேன். அவர் எழுந்து நின்றார்.

"பிரசென்ட், மிஸ்ஸிஸ்."

அதிகாரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.  பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, முப்பது நாளுக்குள் கல்யாணம் பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போகவேண்டும் என்று சொன்னார். மெர்சி என்று அவர் பாஷையிலேயே நன்றி சொன்னேன்.

காரில் அக்கா வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டினார். "என்னைப் பார்த்து ஏற்பாடு பண்றவளான்னு கேட்டுட்டான் பாரு! டாக்டர்கிட்ட சொன்னா சிரிப்பாரு. நீ ஒருத்தி! ஊமைக்கோட்டான்!"

பின்சீட்டில் பக்கத்தில் இருந்தவர் மெதுவாக, "என் பேரு ஒனக்குத் தெரியாதோன்னு மூணு வருஷமா சந்தேகம்" என்றார். அவருக்கு அது சந்தோஷம்போல இருந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். ரோட்டோரத்துப் பனி கறுத்துப்போய்க் கிடந்தது. அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு அதையும் நினைக்கவில்லை. வீட்டில் மீனை அவரே கழுவி வறுத்தார். நான் இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இருவரும் டவுன்டவுன் கோர்ட்டுக்குப் போய் மனு கொடுத்தோம். அறிவிப்பு ஒட்டி இருபது நாள் ஆகவேண்டும் என்று தேதி குறித்துக் கொடுத்தார்கள். திரும்பும்போது அவருக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினோம்.